குணலட்சுமி வீட்டைச் சுற்றிப் போகும் பாதை

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு ஆறு. அதுவும் மழை பெய்தால்தான் ஓடும். வழுக்கையாறு என்று பெயர். அளவெட்டிப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சங்குவேலி வயல்களுக்குள்ளால் வந்து, அராலியில் கடலேரியில் விழும். மற்ற மாதங்களில் அது மாடு மேய்கிற பள்ளம். மானிப்பாயில் சின்னதாக ஒரு விருந்தினர் விடுதி நடத்தும் றெஜியாகிய நான், அந்தப் பள்ளத்தை நம்பி, மண் பாதையில் ஓட்டுகிற ஆறு கிரவல் சைக்கிள் வாங்கினேன்.

என் மனைவி ஷெரோன் தலையில் கை வைத்தாள். "ஊர்ச்சனம் தார் போட்ட காப்பெற் றோட்டுக் கேட்டு மனுக் குடுக்குது. நீங்கள் கிரவல் றோட்டைக் காட்ட வெளிநாட்டாலை ஆள் கூப்பிடுறியள். உங்களுக்கு விசர்தான்!"

விசர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளைக்காரர் வந்தார்கள். அவர்கள் நாட்டில் மண் பாதை கிடையாதோ என்னவோ, புழுதியைக் கண்டால் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வழிகாட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. முதலில் வந்த இரண்டு இளைஞர்களுக்குத் தெரிந்த ஒரே பாதை பஸ் போகும் பாதை. மூன்றாவதாக வந்தவர்தான் இராசமலர் அக்கா.

மலர் அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்துநாலு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வாயில் இன்றைக்கும் மிட்வைஃப் அக்கா. வழுக்கையாற்றின் இரண்டு பக்கத்திலும் அவர் சைக்கிள் போகாத ஒழுங்கையே இல்லை. எல்லா ஒழுங்கையிலும் யாரோ ஒருத்தி பிள்ளைத்தாச்சியாக இருந்திருக்கிறாள். நான் கொடுத்த கிரவல் சைக்கிளைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "கூடையும் இல்லை, மட்காட்டும் இல்லை. உதென்ன கண்டறியாத சைக்கிள்?" என்று தன்னுடைய பழைய லேடீஸ் சைக்கிளிலேயே வந்தார். கூடைக்குள் குடை, கொண்டைக்கு மேலே ஹெல்மெட். இருபத்துநாலு கியர்க்காரர்களை அந்தக் கியர் இல்லாத சைக்கிள் முந்திக்கொண்டு போவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வந்தவர்கள் பறவை, கோயில், பனங்கூடல் எல்லாம் பார்க்க நினைத்தார்கள். அக்கா காட்டியது பிறப்புகளை. "திஸ் ஹவுஸ், ட்வின்ஸ். தட் ஹவுஸ், லெக் ஃபர்ஸ்ட். வெரி டிஃபிகல்ட்." நடுவழியில் அவர்களை நிற்பாட்டிக் கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று அமுக்கியும் பார்ப்பார். எனக்கு மானம் போகும். அவர்களோ ஊருக்குப் போய் அதைப் பற்றித்தான் எழுதினார்கள்.

எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு விஷயத்தில். சங்குவேலி தாண்டி ஒரு பிள்ளையார் கோயில். அதையடுத்து நேரே ஒரு ஒழுங்கை. மூன்று நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விடலாம். அக்கா அங்கே வந்ததும் சட்டென்று இடது பக்கம் திரும்பி, வரம்பில் ஏறி, காய்ந்த ஆற்றுக்குள் இறங்கி, பனங்கூடலைச் சுற்றி, நாலு கிலோமீற்றர் ஓடி, அதே ஒழுங்கையின் மற்ற முனையில் வந்து ஏறுவார்.

"ஏன் அக்கா இந்தச் சுத்து?" என்றேன்.

"உமக்குப் பாதை தெரியுமெண்டால் நீரே கூட்டிக்கொண்டு போம்."

பிள்ளையார் கோயிலடிக் கடைக்காரர் பரமலிங்கம்தான் உடைத்துச் சொன்னார். அந்த ஒழுங்கையில் இருப்பது அக்காவின் தங்கை குணலட்சுமியின் வீடு. பதினொரு வருடமாகக் கதைபேச்சு இல்லை. குணலட்சுமியின் மகள் பிரதீபாவின் கலியாணத்துக்கு அழைப்பிதழ் வந்தபோது மலர் அக்கா யாருக்கோ பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தார். குணலட்சுமி கார்ட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திரும்ப வந்து வாயால் சொல்லவில்லை. கூடப்பிறந்த அக்காவுக்கு, பெண்ணின் பெரியம்மாவுக்கு, பக்கத்து வீட்டுக்காரி கையில் கார்ட்! அக்கா கலியாணத்துக்குப் போகவில்லை. அக்கா வரவில்லை என்று தங்கைக்குக் கோபம். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் சண்டை முடியவே வழியில்லாமல் போய்விட்டது.

நான் என்ன செய்ய? வெள்ளைக்காரருக்கு அந்தச் சுற்றுத்தான் உயிர். தங்கள் ஃபோன் வரைபடத்தில் அதற்கு 'இராசமலர் லூப்' என்று பெயர் வைத்து நட்சத்திரமும் போட்டார்கள். இன்னொரு அதிசயமும் இருந்தது. வழி முழுக்க நெருஞ்சி முள் குத்தி ரயர் காற்றுப் போகும். அந்த நாலு கிலோமீற்றரில் மட்டும் ஒருநாளும் போனதில்லை. மண் ராசி என்று நினைத்துக்கொண்டேன்.

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. நெதர்லாந்திலிருந்து வந்த ஹென்ட்ரிக் என்ற ஆறரை அடி மனிதர், அவருடைய மனைவி, நான், முன்னால் மலர் அக்கா. நாலு நாள் மழைக்குப் பிறகு வழுக்கையாறு உண்மையாகவே ஆறாகிவிட்டிருந்தது. வரம்பில் ஏறிப் பார்த்தால் இராசமலர் லூப் இடுப்பளவு தண்ணீருக்குள். ஹென்ட்ரிக் ஆற்றைக் கண்ட சந்தோஷத்தில் படம் எடுத்துத் தள்ளினார். அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒழுங்கையாலை மூண்டு நிமிஷம் அக்கா," என்றேன்.

"நீர் அவையைக் கூட்டிக்கொண்டு போம். நான் வந்த வழியாலை திரும்பி வாறன்."

"பதினெட்டுக் கிலோமீற்றர்! இந்த மழைக்குள்ளையோ?"

"அதுக்கென்ன?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, நீங்கள் இல்லாமல் இவை ஒரு அடி வைக்காயினம். உங்கடை கோபத்துக்கு நாங்கள் ஏன் நனையோணும்?"

அக்கா கூடையிலிருந்து குடையை எடுத்து விரித்தார். மழை வலது பக்கமிருந்து அடித்தது. குடையை இடது பக்கம் சரித்துப் பிடித்தார். தங்கை வீடு இடது பக்கம். அப்படியே தெப்பமாக நனைந்துகொண்டு ஒற்றைக் கையால் ஒழுங்கைக்குள் ஓடினார்.

சரியாகக் குணலட்சுமியின் படலைக்கு முன்னால் 'புஸ்' என்றது. ஹென்ட்ரிக்கின் பின் ரயர். நெருஞ்சி.

சத்தம் கேட்டுப் படலை திறந்தது. தலையில் துவாயோடு குணலட்சுமி. வந்தவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏன் தம்பி இந்த ஒழுங்கையாலை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? இஞ்சை முழுக்க முள்ளு! நான் அங்காலை ஆத்துப் பக்கத்தையெல்லோ வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை முள்ளுச் செருக்கித் துப்புரவாக்கி வைக்கிறன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

குடை மெதுவாகத் தாழ்ந்தது. மலர் அக்கா தங்கையைப் பார்க்கவில்லை; ஹென்ட்ரிக்கைப் பார்த்தார். "தம்பி, அவவைக் கேளும், ஆர் செருக்கச் சொன்னதெண்டு."

ஹென்ட்ரிக்குக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு சொல். "ஓம்," என்றார்.

குணலட்சுமியும் ஹென்ட்ரிக்கிடமே சொன்னார். "தம்பி, அறுபது தாண்டின மனுசி, முள்ளுக் குத்தி விழுந்தால் ஆர் தூக்கிறது? நீங்களே சொல்லுங்கோ."

"ஓம்."

"பாத்தீரோ தம்பி, இவ்வளவு பாசம் உள்ளவ ஏன் கார்ட்டைப் பக்கத்து வீட்டிலை எறிஞ்சிட்டுப் போனவ? பிரதீபாவை முதல் முதல் ஏந்தினது இந்தக் கை. ஷெல்லடிக்குள்ளை, பங்கருக்குள்ளை!"

"ஓம்," என்றார் ஹென்ட்ரிக், கவலையோடு.

"தம்பி, மூண்டு தரம் போனனான்! மூண்டு தரமும் அவ டியூட்டி! ஊரிலை எல்லாற்றை பிள்ளையும் பெரிசு, என்ரை பிள்ளையின்ரை கலியாணம் சின்னன்!"

"மூண்டு தரமோ?" மலர் அக்கா முதல் தடவையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"நீ கேட்டால்தானே அக்கா?"

மலர் அக்கா சைக்கிளை வேலியில் சாத்தினார். நனைந்த சேலையை இழுத்துச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"இப்பவும் நீ எனக்கு வாயாலை சொல்லேல்லை, குணம்."

குணலட்சுமி ஒருகணம் விழித்தார். பிறகு தலைத் துவாயைக் கழற்றினார். இரண்டு கையையும் கூப்பினார். பதினொரு வருடத்துக்கு முன்னால் நடந்து முடிந்து, இரண்டு பிள்ளைகளும் பிறந்து, கனடாவில் இருக்கிற மகளின் கலியாணத்துக்கு முறையாக அழைத்தார்.

"அக்கா, பிரதீபாவுக்கு ஆவணி பத்தாந் திகதி கலியாணம் வைச்சிருக்கிறம். நீதான் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரோணும். கட்டாயம் வரோணும்."

"ஓம், வாறன்," என்றார் மலர் அக்கா.

கலியாணத்துக்கு எங்களுக்கும் சொல்லப்பட்டது. உள்ளே போனோம், துவட்டிக்கொண்டோம், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். குணலட்சுமி தொலைக்காட்சியில் கலியாண வீடியோவைப் போட்டார். மூன்று மணித்தியாலம். மலர் அக்காவுக்கு முன்வரிசைக் கதிரை. மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றி மட்டும் ஒரு குறை சொன்னார். மேளம் உச்சத்துக்குப் போய், தாலி கட்டும் இடம் வந்ததும் அக்கா எழுந்து நின்றார். குணலட்சுமியும் எழுந்தார். எதற்கென்று தெரியாவிட்டாலும் ஹென்ட்ரிக் ஹெல்மெட்டோடு எழுந்தார்.

குணலட்சுமி குசினிக்கு ஓடிப்போய் ஒரு பிடி பச்சையரிசி கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தார். மலர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இரு பிள்ளை," என்று தொலைக்காட்சிக்கு அரிசி போட்டார்.