பிறந்த வீட்டுக் கோடி

அத்தை செத்துப்போன சேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. என் தங்கச்சி அழவில்லை. தோசைக்கரண்டியை மேடையில் வைத்துவிட்டுப் போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவள் புருஷன் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க போகக்கூடாது," என்றாள். "போனீகன்னா செவ்வாக்கிழமை கோர்ட்டுக்குப் போறது சாட்சி சொல்ல இருக்காது. ஜெயிலுக்குப் போகத்தான் இருக்கும்."

செத்தது மாப்பிள்ளையின் அத்தை, அவருடைய அப்பாவோடு கூடப் பிறந்தவள். அவளுடைய மகன்தான் வழக்கில் முதல் எதிரி, குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆள். எங்கள் மாப்பிள்ளை அந்த வழக்கில் அப்ரூவர். செவ்வாய்க்கிழமை அவர் கூண்டில் ஏறி, அத்தை மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், மற்ற எதிரிகள் யாரையும் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது என்பது அவருடைய ஜாமீன் நிபந்தனை.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒருவரும் கோர்ட் படி ஏறியதில்லை. நான் சிவகாசியில் காலண்டருக்குத் தகரம் அடித்துக் கொடுக்கிறவன். மாப்பிள்ளை சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அத்தை மகன் கட்சியில் பெரிய ஆள். உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குப் போட்டிருந்த மேடைக்கு அடியில் வெடி வைத்தார்கள். கூட்டத்துக்கு முன்னாலேயே வெடிக்க வேண்டும், மேடை சரிய வேண்டும், போலீஸ் பயந்துபோய்க் கூட்டத்துக்கு அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்பதுதான் திட்டம். ஆளுக்குச் சேதம் வராது என்று பேசிக்கொண்டார்களாம். பேசியபடி கேட்க வெடிக்குக் காதா இருக்கிறது? ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்த மைக்செட்காரருக்கு ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றிலும் பார்வை மங்கிவிட்டது.

லாட்ஜ் அறையில் இதைப் பேசியபோது மாப்பிள்ளையும் அங்கே இருந்தார். வெடிமருந்து அவர் கொடுத்ததுதான். தெரிந்தேதான் கொடுத்தார். அதை அவரே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிட்ட பிறகு நான் மூடி மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

எங்கள் வக்கீல் அப்போதே உடைத்துச் சொல்லிவிட்டார். "குத்தத்தை ஒத்துக்கிட்டுத் தண்டனையக் கொறச்சுக்கிற பேரம்னு ஒண்ணு இருக்கு. அது சின்னக் கேஸுக்கு. இது ஆயுள் வரைக்கும் போற கேஸு. இங்கன பேரமெல்லாம் கெடையாது. எதிரியா நில்லுங்க, இல்ல அப்ரூவரா நில்லுங்க."

அப்ரூவர் ஆனால் கோர்ட் மன்னிப்புக் கொடுக்கும். ஆனால் தெரிந்தது அத்தனையையும் சொல்ல வேண்டும். ஒன்றை மறைத்தாலும் மன்னிப்புப் போய்விடும், பழைய வழக்கு திரும்பவும் கழுத்தில் ஏறும். மாப்பிள்ளை யோசித்தது ஒரு வாரம். ஒருநாள் கோர்ட் வராந்தாவில் மைக்செட்காரர் சுவரைத் தடவிக்கொண்டு நடந்துபோனதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் வக்கீலுக்கு போன் போட்டார்.

ஊர் என்ன சொன்னது என்று கேட்கிறீர்களா? ஊர்வாயை நான் சேர்த்து வைக்கிறவன். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம்" என்றார்கள் பாதிப்பேர். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானய்யா" என்றார்கள் மீதிப்பேர். எனக்குப் பிடித்தது டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னது. "அகப்பட்டவனுக்கு அட்டமத்துல சனி, ஓடிப்போனவனுக்கு ஒம்பதுல ராசான்னு எழுதி வச்சிருக்கான். அப்ரூவருக்கு எந்த எடத்துல எவன் இருக்கான்னு எழுதலையே. சாஸ்திரம் எழுதுனவனுக்கு இப்பிடி ஒரு சாதி வரும்னு தெரியல போல." கேட்டதும் சிரித்துவிட்டேன். வீட்டில் போய்ச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வர வேண்டும். அது மேலே விழாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். பேரன் பேத்தி எடுத்து எண்பது வயதில் செத்தாலும் கடைசியில் அவளை மூடுவது பிறந்த வீட்டுத் துணிதான். அத்தையின் பிறந்த வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே ஆண் எங்கள் மாப்பிள்ளை.

"நான் கொண்டு போறேன் மாப்ள," என்றேன். "சேலைக்கு யார் கைன்னு தெரியவா போகுது?"

சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய போன் அடித்தது. ஆலங்குளத்துக்கு அங்கிட்டு இருக்கிற அத்தையின் ஊரிலிருந்து, அந்த ஊர்ப் பெரியவர். மாப்பிள்ளை போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"கோடிக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். வெயில் ஏறுது. பொறந்த வீட்டு ஆளு வரணும், ஆமா. பொண்ணு குடுத்த வீட்டு ஆளு கையில குடுத்து விட்டுறாதீக. கேஸு கோர்ட்ல இருக்கட்டும். கெழவி என்ன பாவம் பண்ணுனா?"

தங்கச்சி எட்டி அந்த போனை அணைத்தாள். "அந்தாளு சொல்லிக் குடுத்துதான் இவரு பேசுறாரு. ஆத்தா செத்தும் மகனுக்குத்தான் ஒழைக்கிறா. அங்கன போயி நின்னீகன்னா நாலு பேரு போட்டோ எடுப்பான். செவ்வாக்கிழமை அத அவுக வக்கீல் கையில வச்சிக்கிட்டு நிப்பாரு."

அவள் சொன்னது எனக்கும் பட்டது. அந்த போனை யார் போடச் சொன்னார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வக்கீலைக் கூப்பிட்டேன். கோர்ட் லீவு நாள், அனுமதி வாங்க வழியில்லை என்றார். கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, "போகச் சொல்ல என்னால முடியாது. போனா மன்னிப்பு போகும், இல்ல ஜாமீன் போகும். ஏதாச்சும் ஒண்ணு போகும்ணே. நீங்க என்னக் கேட்டதா நெனைக்காதீங்க," என்று வைத்துவிட்டார்.

பாதுகாப்புக்கு என்று ஒரு போலீஸ்காரர் எங்கள் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மாசக்கணக்கில் எங்கள் வீட்டுச் சாப்பாடு, எங்கள் வீட்டுச் சண்டை எல்லாம் அவருக்குப் பழக்கம். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "எங்க ஊர்லயும் கோடி வராமத் தூக்க மாட்டாக," என்றார்.

"அப்ப போகச் சொல்றீகளா?" என்று தங்கச்சி பாய்ந்தாள்.

"நான் என்னத்தம்மா சொல்ல? எங்க போனாலும் கூடப் போகணும்னு எனக்கு ஆர்டர். போகாதன்னு சொல்ல எனக்கு ஆர்டர் இல்ல."

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் சட்டென்று கையை வீசிப் பேச மாட்டார்கள். எதையும் மெள்ள எடுத்து மெள்ள வைக்கிற பழக்கம் அவர்களுக்குப் பேச்சிலும் வந்துவிடும். மாப்பிள்ளையும் மெதுவாகத்தான் சொன்னார்.

"நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும். நான் அவுக மகனுக்கு எதிராச் சாட்சி. அவுகளுக்கு எதிரா இல்ல."

"எனக்கு?" என்றாள் தங்கச்சி. "எனக்கும் பிள்ளைகளுக்கும் நீங்க யாரு?"

அவர் போய்த் தாழ்ப்பாளை எடுத்தார்.

என்னுடைய லோடு ஆட்டோவில்தான் போனோம். மாப்பிள்ளை என் பக்கத்தில், மடியில் ஜவுளிக்கடைப் பை. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின்னால் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் நான்தான் பேசினேன். மக்காச்சோளக் காட்டைப் பற்றி, சிமெண்ட் ஆலைத் தூசியில் வெளுத்துப்போன வேலிமரங்களைப் பற்றி. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "மச்சான், கொஞ்சம் சும்மா வாங்க," என்றார் ஒருதரம்.

தெருமுனையில் இறங்கியபோது கொட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். துட்டி வீட்டில், சாவு நடந்த வீட்டில், யாரும் வாங்க என்று சொல்வதில்லை. அது வழக்கம்தான். ஆனால் கொட்டை நிறுத்துவது வழக்கமில்லை. பந்தலுக்குள் இருந்த வேட்டிகள் இரண்டாகப் பிரிந்து வழி விட்டன. இரண்டு பக்கமும் போன்கள் உயர்ந்தன. தங்கச்சி நாலு என்றாள். அதற்கு மேலேயே இருக்கும்.

அத்தையைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மகன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை இந்த இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டவர்கள். மாப்பிள்ளை பையிலிருந்து சேலையை எடுத்தார். அத்தை மகன் அவரையே பார்த்துக்கொண்டு, சத்தத்தை ஏற்றாமல் கேட்டார்.

"ஒரு கோடிதான் கொண்டாந்தியா மாப்ள? எனக்கும் சேத்து ரெண்டா எடுத்திருக்கலாம்ல?"

பந்தலில் யாரோ இருமினார்கள். போலீஸ்காரரின் மூச்சு என் தோளில் பட்டது. அவர் அவ்வளவு நெருங்கி வந்தது எனக்குத் தெரியவே இல்லை.

மாப்பிள்ளை குனிந்து சேலையைப் பிரித்து அத்தையின் கால்மாட்டிலிருந்து கழுத்துவரை போர்த்தினார். மடிப்பு ஒன்று புரண்டிருந்தது. அதை இரண்டு விரலால் நீவிவிட்டார். பெண்கள் அழத் தொடங்கினார்கள். கோடி விழுந்தால்தான் அந்த அழுகை வரும்.

அவர் நிமிர்ந்தபோது அத்தை மகன் இரண்டு கையையும் நீட்டியிருந்தார். துட்டி கேட்க வந்தவன் செத்தவர் வீட்டுக்காரனின் கையைத் தொட வேண்டும். தொட்டால் படம். தொடாவிட்டால் கோடி போட்டதற்கே அர்த்தமில்லை, பெரிய அவமானம். 'தொடாதீக மாப்ள' என்று தொண்டைவரை வந்தது, வெளியே வரவில்லை.

தொட்டார். தொட்டுக்கொண்டே, பந்தலின் கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "அத்தான், அத்தைக்காக வந்தேன். வேற பேச்சு எதுக்கும் வரல. நாளக்கழிச்சு கோர்ட்ல நடந்தத நடந்தபடி சொல்லுவேன். இத இம்புட்டுப் பேருக்கு முன்னால சொல்லிட்டேன்."

அத்தை மகன் உடனே கையை விடவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது, கொட்டுக்காரர்கள் கம்பைத் தூக்கியபடியே நின்றார்கள். பிறகு அவர் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அம்மாவைப் பார்த்து அழுதாரா, வேறு எதற்காகவா, எனக்கு விளங்கவில்லை. கை விலகியது. போயிட்டு வாரோம் என்று சொல்லாமல் நாங்கள் திரும்பினோம். அதுவும் துட்டி வீட்டு வழக்கம்தான்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். மாப்பிள்ளை அரசு வக்கீலுக்கு முழுசாகச் சொன்னார். லாட்ஜ் அறை, யார் எங்கே உட்கார்ந்தார்கள், தான் கொடுத்தது எல்லாம். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து படத்தை நீட்டினார்.

"முதல் எதிரி வீட்டுக்கு நீங்களாகப் போய் அவர் கையைப் பிடித்தது உண்மைதானே? கோர்ட் நிபந்தனையையே மதிக்காத நீங்கள் சொல்வதை எப்படி நம்புவது?"

"உண்மைதான்யா. அத்தைக்குக் கோடி போடப் போனேன்."

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அங்கே என்ன பேசினீர்கள்?"

எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளை சொன்னார். அத்தான் கேட்டதையும் சொன்னார், தான் சொன்னதையும் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீதிபதி எழுதிக்கொண்டார். எதிரிகள் வரிசையில் அத்தை மகன் தலையைக் குனிந்துகொண்டார். மொட்டையடித்த தலை.

மன்னிப்புப் போகவில்லை. எதையும் மறைக்கவில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஜாமீன்தான் போனது. அதைக் கேட்டது எதிர்த்தரப்பு மட்டுமில்லை. அரசு வக்கீலே எழுந்து, சாட்சி வெளியே இருந்தால் இன்னும் யாராவது கூப்பிடுவார்கள், உள்ளே இருப்பதுதான் அவருக்கும் வழக்குக்கும் பத்திரம் என்றார். ஜாமீன் இல்லாத அப்ரூவர் வழக்கு முடிகிறவரை உள்ளேதான் இருக்க வேண்டுமாம், சட்டம் அப்படி. அன்று சாயங்காலம் முதல் எதிரி ஜாமீனில் தன் காரில் ஏறிப் போனார். உண்மையைச் சொன்ன எங்கள் மாப்பிள்ளை போலீஸ் வேனில் ஏறினார். வாசலில் நாற்காலி போட்டிருந்த போலீஸ்காரர்தான் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்.

தங்கச்சி இரண்டு வாரம் ஜெயிலுக்கு மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போகவில்லை. மூன்றாவது வாரம், "ஆட்டோவ எடுங்கண்ணே," என்றாள்.

ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் இளைத்திருந்தார். பிள்ளைகளைக் கேட்டார், ஆலையில் சீசன் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். தங்கச்சி எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். பிறகு அவர் தயங்கித் தயங்கி, "அத்தைக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்துச்சா?" என்றார்.

"நடந்துச்சு. காரியத்துப் பலகாரம் குடுத்து விட்டிருந்தாக. பொறந்த வீட்டுப் பங்காம்."

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "வாங்கிக்கிட்டியா?"

"வாங்கல. வாசலோட திருப்பி அனுப்பிட்டேன். நாளைக்குக் கோர்ட்ல என்னயக் கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்றது?"

"பலகாரத்துக்குமா?"

"பலகாரத்துக்கும்தான்," என்று சொல்லிவிட்டு அவள் கம்பிக்குள் விரலை விட்டு அவர் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுவிட்டாள். காவலர் நேரமாகிவிட்டது என்றார்.