கடைசி எண்ணை மாற்றினால்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள் நான். முடிவுகளைக் கணினியில் ஏற்றுவது ரிப்போர்ட் அக்கா. பதினொரு வருடமாக அதே மூலை, அதே கண்ணாடித் தடுப்பு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். யாருக்கு என்ன வியாதி என்று நாங்கள் துருவினால், "அது அவங்க ரிப்போர்ட்" என்பதோடு சரி.

ஒரு நாள் ஒரு பெரியவர் போனில் சத்தம் போட்டார். எழுபத்திரண்டு வயதில் அவர் கர்ப்பமாக இருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறதாம். வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் அனுப்பிய லிங்கைப் பெரியவர் பார்த்துப் பார்த்து வேறொரு போனில் அடித்திருக்கிறார். கடைசி எண் தவறியதும், பாஸ்வேர்டு ஏதும் கேட்காமல் அடுத்தவர் ரிப்போர்ட் திறந்துவிட்டது.

எண்ணை மாற்றிக்கொண்டே போனால் அத்தனை பேரின் பெயர், போன் நம்பர், வியாதி எல்லாம் வீதிக்கு வந்துவிடும். அக்கா மேனேஜரிடம் சொன்னார். அவர் சாஃப்ட்வேர்காரரைக் கைகாட்டினார். சாஃப்ட்வேர்காரர், லிங்கை நிறுத்த மேனேஜர் எழுதிக் கொடுக்கட்டும் என்றார். இப்படியே மூன்று வாரம் ஓடியது. அக்கா பாதியாக இளைத்துப்போனார்.

காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த எண்களுக்கு நடுவே அவர் ரிப்போர்ட்டும் இருந்தது. ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி. கீபோர்டு தட்டுகிறவரிடமிருந்து அது யாருக்கும் ஒட்டாது. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கணவரைத் தவிர யாரிடமும் அவர் சொன்னதில்லை. ஓட்டையை வெளியில் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் இருந்தால் என்றைக்காவது எவனாவது அந்த எண்ணை அடிப்பான். இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்திருக்கிறார், பாவி மனுஷி.

நான்காவது வாரம் மேனேஜர் பொறுமை இழந்தார். ஒரு கையெழுத்துக்காக நானும் அங்கே நின்றிருந்தேன்.

"சும்மா பயமுறுத்தாதீங்க. யாரோடதையாவது திறந்து காட்டுங்க, பார்க்கலாம்."

அடுத்தவர் ரிப்போர்ட்டைத் திறந்தால் வேலை நீக்கம் என்று மேனேஜர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது.  அக்கா மேனேஜரின் போனை வாங்கி, லிங்கில் எண்ணை மாற்றி அடித்து நீட்டினார்.

"யாரும்மா இது?"

"நான்தான் சார். இதை மட்டும்தான் திறந்து காட்ட எனக்கு உரிமை இருக்கு."

மேனேஜர் படித்தார். போனை மேஜையில் வைத்துக் கைக்குட்டையால் துடைத்தார். அப்புறம் சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். சாயங்காலத்துக்குள் எல்லா லிங்கும் நின்றது. இப்போது அவரவர் போனுக்கு வரும் எண்ணைப் போட்டால்தான் ரிப்போர்ட் திறக்கும்.

மேனேஜர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் டீக்காரரிடம், ஒன்று மட்டும் பேப்பர் கப்பில் கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். தட்டில் நாலு கண்ணாடி கிளாஸ், ஒரு பேப்பர் கப். எது ஒட்டும், எது ஒட்டாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். எனக்கும் ஒரு பேப்பர் கப் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அக்காவின் கண் என் மேல் இருந்தது தெரிந்தும், என் கிளாஸை எடுத்துக்கொண்டு திரும்பி நின்று குடித்தேன்.