துணி மூடிய தட்டு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

ராகலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடொன்றில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அம்மா தவறியபோது அவருக்குப் பதினேழு வயது. என்னையும் தங்கையையும் ஆளாக்கி முடிப்பதற்குள் அவருடைய கல்யாண வயது கடந்துவிட்டது. அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்திருந்ததால் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சரானார். கடைசி வரை அங்கேயே இருந்தார்.

கோதுமை மா விலை ஏறிய காலத்தில், ரொட்டி இல்லாமல் பால் கலக்காத சாயத்தண்ணிப் போத்தலோடு மட்டும் வரும் பிள்ளைகள் கூடிப்போனார்கள். அப்போது அக்கா ஒரு தகரத் தட்டை ஜன்னலோரம் வைத்து வெள்ளைத் துணியால் மூடினார். பத்து மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகப் போய்த் துணிக்கு அடியில் கையை விட வேண்டும். ரொட்டி கொண்டு வந்த பிள்ளை ஒரு துண்டு வைக்கும். இல்லாத பிள்ளை எடுத்துக்கொள்ளும். போகும்போதும் வரும்போதும் கை மூடியிருக்க வேண்டும். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

"பசிக்கிறதுல வெக்கம் ஒண்ணுமில்ல. பக்கத்துல ஒருத்தன் பசியோட இருக்கிறப்ப நாம பாக்காத மாதிரி இருக்கிறதுதான் வெக்கம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். தட்டு நிறைந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும், "நம்ம புள்ளைங்க பெரிய மனசுக்காரங்கடா தம்பி" என்பார்.

ஒரு நாள் திவ்யா என்ற ஐந்து வயதுப் பிள்ளை பாட்டுப் பாடும்போதே மயங்கி விழுந்தது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அதன் அம்மா கூடையோடு ஓடி வந்தார். அன்று முன்பள்ளிக் கூரைக்குத் தகரம் அடிக்கப் போயிருந்த நான் வாசலில் நின்றேன்.

"காலையில ரொட்டி குடுத்துத்தானே விட்டேன்! எங்கடி அது?"

பிள்ளை தட்டைக் காட்டியது. பல நாட்களாக முழு ரொட்டியையும் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி வெறும் வாயை மென்றிருக்கிறது.

"நல்லாத்தான் படிப்புச் சொல்லிக் குடுக்குறீங்க டீச்சர்! எங்க வீட்டுல இருந்ததே ஒரு ரொட்டி. அதையும் ஊருக்குப் பங்கு வைக்கவா அனுப்புனேன்?" என்றார் அந்த அம்மா.

அக்கா தரையில் உட்கார்ந்து, "ஒனக்குப் பசிக்கலியாம்மா?" என்று கேட்டார்.

"பசிச்சிச்சு டீச்சர். எனக்குப் பழகிருச்சு. சின்னப் பயலுக தாங்க மாட்டானுங்க, அழுவானுங்க."

அன்று வீட்டுக்கு வந்த அக்கா அடுப்பு மூட்டவில்லை. "வெக்கத்த மறைக்கத்தான்டா துணி போட்டேன். அந்தப் புள்ளையோட பசியையும் அதுவே மறைச்சிருச்சு. பசிக்கிற புள்ளைக்கே போய்ப் பசியப் பத்திப் பாடம் நடத்தியிருக்கேனே தம்பி" என்றார். நான் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அது ஆறிப்போனது.

மறுநாள் துணியை எடுத்துவிட்டார். "மொதல்ல ஒங்க வயிறு, மிஞ்சினாத்தான் தட்டு" என்று பாடத்தை மாற்றினார். மிஞ்சவில்லை. தட்டு வெறுமையாகவே கிடந்தது. தன் சோற்றை அதில் வைத்தார். அத்தனை பிள்ளைகளுக்கு அது எம்மாத்திரம்? தோட்ட நிர்வாகத்திடம் உதவி கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பொறுத்திருக்கும்படி பதில் வந்தது. பிள்ளைகளிடம் எப்படிப் பொறுக்கச் சொல்வது என்று என்னிடம் கேட்பார்.

பிறகு அவர் வயிற்றில் கட்டி இருப்பதாக நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போதே காலம் கடந்துவிட்டது. கடைசி வாரம் தண்ணீர்கூட இறங்கவில்லை. திவ்யாவும் அம்மாவும் பார்க்க வந்தார்கள். அந்தப் பிள்ளை தாளில் சுற்றிய ரொட்டியை அக்காவிடம் நீட்டியது.

"நீ தின்னு. நான் பாக்கணும்" என்றார் அக்கா.

கட்டிலோரம் நின்று பிள்ளை அழுதுகொண்டே தின்றது. கடைசித் துண்டு வாய்க்குள் போகும் வரை அக்கா கண்ணை எடுக்கவில்லை.

அக்காவைத் தோளில் சுமந்த லயத்து ஆட்களுக்கும், மழையோடு மழையாக வந்து நின்ற பெற்றோருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத துக்க நாட்களில் சோறு கொண்டு வந்த திவ்யாவின் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்று நினைவுச் சாப்பாட்டில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் அந்தத் தட்டை வைத்திருக்கிறோம். துணி போடவில்லை. இன்று அதில் சோறு இருக்கிறது. நாளைக்கு எதை வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை அக்கா.