களிம்பு போன காசு

டெக்சாஸில் டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில், எங்கள் ஆபீஸில் பழங்காசு சேர்ப்பவர்கள் இரண்டே பேர்: நானும், என் டீமில் இருந்த நண்பனும். அவன் ரோமப் பேரரசர்களின் காசுகளைத் தேடுவான். எனக்கு ரோமுக்கு அடங்கி ஆண்ட சிற்றரசர்களின் காசுகள்மேல்தான் ஆசை. என்னிடம் இருந்ததில் நல்லது, திரேஸ் நாட்டு அரசன் ஒருவனின் செப்புக்காசு. ஒரு பக்கம் அவனும் ராணியும், மறுபக்கம் ரோமப் பேரரசர் அகஸ்டஸ். தன் காசிலேயே எஜமானின் முகத்துக்கும் இடம் விட்டிருந்தான். மேலே முழுக்கப் பச்சைக் களிம்பு படிந்திருந்தது.

போட்டோ எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று நண்பன் அதை வாங்கிப் போனான். அடுத்த வாரம் லஞ்ச் டேபிளில் கவரை என் பக்கம் தள்ளிவிட்டு, உடனே கிரிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்தான். வீட்டில் பிரித்துப் பார்த்தால், காசு புதுச் செப்புக்குடம் போல மின்னியது.

போன் பண்ணினேன். "என்னடா, கலரே மாறியிருக்கு?"

"உன் வீட்டு லைட்ல அப்படித் தெரியும். மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்."

அன்று எங்கள் டீமுக்கு எந்த மீட்டிங்கும் இல்லை.

எடை போட்டேன், கொஞ்சம் குறைந்திருந்தது. பழைய போட்டோவில் விளிம்பில் தெரிந்த வெடிப்பு இதிலும் அப்படியே இருந்தது. அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. அச்செடுத்து வார்த்தால் வெடிப்பும் சேர்ந்துதானே வரும்? ஒரிஜினலை வைத்துக்கொண்டு நகலைத் தந்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். பழங்காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போடும் காசுப் படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன், என்னுடையது எங்காவது ஓரத்தில் தெரிகிறதா என்று.

ஒரு சனிக்கிழமை, அனுமார் கோயிலுக்கு வந்தேன் என்று சாக்குச் சொல்லி, அந்தக் கோயில் இருக்கும் ஃபிரிஸ்கோவில் அவன் வீட்டுக்குப் போனேன். ஷெல்ஃபில் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி காபியோடு வந்தாள்.

"அண்ணா, உங்க காசு இப்ப பளபளன்னு இருக்குல்ல? பூஜைப் பாத்திரம் தேய்க்கும்போது கிச்சன் கவுண்டர்ல அழுக்கா கிடந்துச்சு. புளியும் உப்பும் போட்டு நல்லாத் தேய்ச்சு வெச்சேன். இவர் சொல்லலையா?"

நண்பன் தரையைப் பார்த்தான். களிம்பைச் சுரண்டினால் பழங்காசின் மதிப்பே போய்விடும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன்.

நண்பன் கார் வரைக்கும் வந்தான். "அவகிட்ட விஷயத்தைச் சொன்னா அழுதுடுவா. உன்கிட்ட சொல்லவும் வாய் வரல." சற்று நின்று கேட்டான்: "நான் மாத்திட்டேன்னு நினைச்சியா?"

"சேச்சே" என்றேன்.

அவன் நம்பவில்லை. இப்போதும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். புதுக் காசு வந்தால் எடுத்து வந்து காட்டுவான். என் கையில் மட்டும் தருவதில்லை. தன் விரல்களுக்கு நடுவே பிடித்தபடியே இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வான்.