சமுய் தீவில் ஓர் எல்லைச் சண்டை

சமுய் தீவுக் காணிக்கு எல்லைச் சண்டை வந்தபோது பத்மநாதன் அந்தத் தீவைக் கண்ணால் கண்டதில்லை. தாய்லாந்துப் பக்கமே போனதில்லை. காணிக்கு இன்னும் கையெழுத்துக்கூட வைத்திருக்கவில்லை. சண்டை நடந்தது லண்டன் ஹரோவில், ஒரு பள்ளிக்கூடத்தின் கார் பார்க்கில், மழைக்குக் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டிருந்த அவருடைய டொயோட்டாவுக்குள்.

அந்தக் கார் பார்க்குக்கு அவர் ஏன் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். மகள் மிதுஷாவைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து, வகுப்பு விடும்வரை காருக்குள் காத்திருப்பது அவருடைய வேலை. பக்கத்து சீற்றில் குகநாதன் வந்து ஏறிக்கொள்வார். குகநாதனின் இரண்டு பையன்களும் அதே வகுப்பு. பிளாஸ்கில் தேத்தண்ணீர் இருக்கும். பிள்ளைகள் வளர்ந்து வகுப்பை விட்டார்கள். மிதுஷா பல்கலைக்கழகம் முடித்து, ஒரு வேலையில் சேர்ந்து, அதை உதறிவிட்டு முதுகுப் பையோடு மூன்று வருடம் ஊர் ஊராகத் திரிந்து, திரும்பியும் வந்துவிட்டாள். தகப்பன்மார் இருவரும் வகுப்பை இன்னும் விடவில்லை. புதிதாக வரும் பெற்றோர் அவர்களை யாரோ ஒரு பிள்ளையின் தாத்தாக்கள் என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். இவர்களும் வைத்தார்கள்.

சிநேகிதம் எண்பத்தொன்பதில் ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் தொடங்கியது. ஒரே கட்டில், பகலில் ஒருவர், இரவில் மற்றவர். பிறகு குகநாதன் கடை போட்டார், கடையை வளர்த்தார், விற்றார். பத்மநாதன் பெற்றோல் ஸ்டேஷன் கல்லாவிலிருந்து கவுன்சிலுக்குப் போய், வீதியில் நிற்கும் கார்களுக்கு அபராதம் எழுதும் உத்தியோகத்தில் ஓய்வு பெறும்வரை இருந்தார். கார்ச் சில்லு கோட்டுக்கு வெளியே நின்றால் எழுதுவார். அதில் அவருக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. மனைவி தவநாயகியின் காருக்கும் ஒருமுறை எழுதியிருக்கிறார். தவநாயகி அதைக் கட்டிவிட்டு, அந்தத் துண்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். விருந்தினர் வந்தால் தண்ணீர் எடுக்க அவர்களையே ஃபிரிட்ஜுக்கு அனுப்புவார்.

ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் முழங்கால் பிரச்சினை தொடங்கியது. சூடான இடமாகப் பார்க்கலாம் என்று குகநாதன்தான் முதலில் சொன்னார். யாழ்ப்பாணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அங்கே போனால் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒருவர், பள்ளிக்கூட மதிலுக்கு ஒருவர் என்று காசு கேட்டு வாசல் படலையில் ஆள் நிற்கும். தங்களை யாருக்கும் தெரியாத ஊர் வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள்.

வெம்பிளியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நடத்தியவன் முகுந்த். லண்டனில் பிறந்தவன், முப்பது வயதிருக்கும், நீலக் கோட்டுச் சூட்டும் காலுறை போடாத சப்பாத்துமாக நின்றான். சமுய் தீவில் வீடு, ஃபிளாட், காணி மூன்றும் அவனிடம் இருந்தன. வெளிநாட்டுக்காரர் அங்கே ஃபிளாட்டைத் தங்கள் பெயரில் வாங்கலாம், நிலத்தை வாங்க ஏலாது, முப்பது வருடக் குத்தகைக்கு எடுத்து அதில் வீடு கட்டலாம் என்பதை அவன் வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவினான்.

பத்மநாதன் கையை உயர்த்தி, முந்தின படத்துக்குத் திரும்பச் சொன்னார். ஃபிளாட் அவருக்குச் சரிப்படவில்லை. கீழே ஒருவன் வீடு, மேலே ஒருவன் வீடு. நடுவில் நாம் எதை வாங்கினோம் என்று யாருக்குக் காட்டுவது? குத்தகையில் அவர் குறை காணவில்லை. வயது அறுபத்தாறு. தொண்ணூற்றாறுக்குப் பிறகு தேவைப்பட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவருக்குத் தெரியவேண்டியிருந்தது வேறு.

"தம்பி, அங்கை தண்ணி நல்ல தண்ணியோ, உவரோ?"

முகுந்துக்கு விளங்கவில்லை. தண்ணீர் என்று காதில் விழுந்ததால் நீச்சல் குளத்தைக் காட்டினான். விளிம்பே தெரியாமல் கடலோடு சேர்ந்து கிடக்கும் குளம். பத்மநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். சுற்றிக் கட்டு வைக்காமல் விட்டிருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் விழுந்துவிடும் என்று குகநாதனிடம் சொன்னார். அடுத்து குகநாதன் எழுந்து, குசினித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், பக்கத்துக் காணிக்குள் போகுமா என்று கேட்டார். அதுவரை சாப்பிட வைத்திருந்த ரோல்ஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முகுந்தை அன்று ஒருவரும் சீக்கிரம் வீட்டுக்குப் போக விடவில்லை.

பதினான்காம் இலக்கமும் பதினைந்தாம் இலக்கமும் அடுத்தடுத்த காணிகள். பதினான்கு பத்மநாதனுக்கு, பதினைந்து குகநாதனுக்கு என்று மெட்ரோபொலிற்றன் லைன் ரயிலில் திரும்பி வரும்போதே முடிவாகிவிட்டது. உண்மையில் தீவு எங்கே இருந்தாலும் பத்மநாதனுக்கு ஒன்றுதான். தவநாயகிக்குத் தொலைபேசியில் தங்கைமார் இருந்தார்கள். பத்மநாதனுக்குக் கதைக்க இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் பக்கத்தில் இருப்பான் என்பதற்காகத்தான் பதினான்கைக் கேட்டார். இதை அவர் குகநாதனுக்குச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை.

அந்தத் தீவில் ஐந்து மாதம் இருந்த ஓர் ஆள் வீட்டிலேயே இருந்தாள். ஆனபடியால் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மிதுஷா தானாகவே வந்து, கார்த்திகை மாதத்தில் அங்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டும், வீடு வாங்கி வந்த வெள்ளைக்காரர் மூன்றே மாதத்தில் ஒரே பாரில் குந்தியிருந்து மற்ற வெள்ளைக்காரரைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்குவார்கள் என்றாள். அப்பாவுக்குக் கடற்கரையே பிடிக்காதே என்றும் கேட்டாள். கடற்கரைக்குப் போக இல்லை, வீட்டில் இருக்கத்தான் போகிறோம் என்றார் அவர். மிதுஷா மடிக்கணினியைத் திறந்து மலிவான விமான டிக்கெட் தேடத் தொடங்கினாள். எங்கே என்று அவளும் சொல்லவில்லை.

காணிப் படம் மின்னஞ்சலில் வந்தது. பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவில் புள்ளிக்கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் ஒரு சின்னப் பச்சை வட்டம் வரைந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த விளக்கத்தின்படி அது தென்னை.

சனிக்கிழமை பத்மநாதன் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய் ஸ்டியரிங்கின் மேல் விரித்தார். மரம் தன்னுடைய பக்கம் நிற்பதாகச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார்.

குகநாதன் படத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். "வட்டத்தின்ரை பெரும்பங்கு பதினைஞ்சுக்குள்ளை கிடக்கு. கண்ணைக் காட்டு மச்சான் டொக்டரிட்டை."

"வட்டம் ஓலையடா. அடி எங்கை நிக்குதெண்டு பார்."

"ஓலை என்ரை பக்கமெண்டால் தேங்காயும் என்ரை பக்கம்தான் விழும்."

"விழுந்தால் எடுத்துத் தரவேணும்."

"என்ரை தலையிலை விழுந்தால்?"

"அப்பவும்."

இருவரும் சிரித்தார்கள். தேத்தண்ணீர் குடித்தார்கள். அடுத்த சனிக்கிழமை குகநாதன் ஒரு பூதக்கண்ணாடியோடு வந்தார். பத்மநாதன் அளந்து காட்ட அடிமட்டம் வைத்திருந்தார். அன்று சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை மழை. வட்டத்தின் நடுப்புள்ளி கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதில் வாக்குவாதம் தொடங்கியது. கோட்டைப் பற்றித் தனக்குத் தெரியாததா என்று பத்மநாதன் கேட்டார். வாழ்நாள் முழுக்க மற்றவனுடைய சில்லைப் பார்த்தே பிழைத்த ஆள் என்று குகநாதன் சொன்னார். அதையும் பத்மநாதன் தாங்கிக்கொண்டார். பிறகு குகநாதன் படத்தை மடித்துக் கொடுத்தபடி சொன்னார்:

"நீயும் உன்ரை அப்பர்தான்."

பத்மநாதனின் அப்பரும் சித்தப்பாவும் ஒரு பூவரசு வேலி ஓர் அடி தள்ளிப் போட்டதற்காகப் பேச்சை விட்டவர்கள். கோர்ட்டில் வழக்கு நடந்தது. போர் வந்து, வேலி ஷெல் விழுந்து எரிந்தது. வழக்கு எரியவில்லை. சித்தப்பா செத்த வீட்டுக்கு அப்பர் படலைவரை போனார். உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினார். இதெல்லாம் கடிதத்தில் வந்த நாளில், ஈஸ்ட் ஹாம் அறையில், பத்மநாதன் குகநாதனுக்கு மட்டும் வாசித்துக் காட்டினார்.

பத்மநாதன் கதவைத் திறந்து இறங்கிப் போனார். அது தன்னுடைய கார் என்பது மழையில் நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது. மறுபக்கத்தால் குகநாதனும் இறங்கித் தன் காருக்குப் போகும்வரை, ஏதோ அறிவித்தல் பலகையை வாசிப்பதுபோல் நின்றார். பலகையில் பள்ளிக்கூடத்தின் பெயர்தான் இருந்தது.

புதன்கிழமை முகுந்த் பத்மநாதனுக்குத் தொலைபேசி எடுத்தான். பதினைந்தாம் இலக்க அங்கிள் அந்தத் தென்னையை வெட்டிவிடச் சொல்கிறார், எல்லையில் நிற்பதால் இரண்டு பேருடைய சம்மதமும் வேண்டும் என்றான்.

"என்ரை மரத்தை வெட்டச் சொல்ல அவர் ஆர்?" என்றார் பத்மநாதன்.

முகுந்த் எதையோ எழுதிக்கொள்வது கேட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தவநாயகி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இஞ்சருங்கோ, அங்கை போய் இதைத்தான் செய்யப் போறியள் எண்டால் இஞ்சையே செய்யலாம். பிளேன் காசு மிச்சம்." மிதுஷா, அப்படி ஒரு மரமே அங்கே இல்லாமலும் இருக்கலாம், படம் கீறுகிறவர்கள் வடிவுக்கு வைக்கும் வட்டம்தான் அது என்றாள். இரண்டு பேரும் சொன்னதைப் பத்மநாதன் கேட்டுக்கொண்டார். குகநாதன் சண்டையை முடிக்கத்தான் மரத்தை வெட்டச் சொல்லியிருப்பான் என்பது படுக்கப் போகும்போது அவருக்கே தோன்றியது. தோன்றினாலும் அது யோசிக்காமல் சொல்லிவிட்ட பதிலுக்குப் பிறகு தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை குகநாதனின் கார் கார் பார்க்கின் மறு அந்தத்தில் வந்து நின்றது. கோட்டின் மேல், இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு. வேண்டுமென்றேதான் என்பதில் பத்மநாதனுக்குச் சந்தேகமில்லை. வகுப்பு விடும்வரை அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டு தன் காருக்குள் இருந்தார். அடுத்த சனிக்கிழமை அந்தக் காரும் இல்லை. பிளாஸ்க் நிரம்பியபடியே வீட்டுக்கு வந்தது. தவநாயகி தேத்தண்ணீரைச் சிங்குக்குள் ஊற்றினார்.

கையெழுத்து நாள் வந்தது. முகுந்தின் அலுவலகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பல் வைத்தியரின் கடைக்கு மேல். மிதுஷாவும் கூட வந்தாள். பஸ்ஸில் பத்மநாதன் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டே போனார். குகநாதன் அங்கே இருப்பான். கதிரையை இழுத்து உட்கார்ந்தவுடன், "வெட்டு மச்சான்" என்று சொல்லிவிடுவது. வேறு விளக்கம் வேண்டாம். குகநாதன் வராவிட்டால் கையெழுத்து வைப்பதில்லை. பக்கத்தில் ஆள் இல்லாத காணி யாருக்கு வேண்டும்?

குகநாதன் இல்லை. அவர் முதல் நாளே வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டதாக முகுந்த் சொன்னான்.

"பதினைஞ்சுக்கோ?"

"இல்லை அங்கிள். அவர் இருபத்திரண்டுக்கு மாத்தினவர். உங்களோடை எல்லை வேண்டாமாம். எல்லை இருந்தால் நட்பு போயிடும் எண்டு சொன்னவர்."

பத்மநாதன் படத்தைக் கேட்டார். முகுந்த் விரித்து, இருபத்திரண்டின் மேல் விரலை வைத்தான். பதினான்கிலிருந்து அதற்கு நீச்சல் குளத்தைச் சுற்றி ஒரு நடைபாதை வளைந்து போனது. வழியில் வேறொன்றும் இல்லை. நடந்து போகலாமா என்று கேட்டார். தாராளமாக, இல்லையென்றால் சின்ன மின்சார வண்டியும் இருக்கிறது என்றான் முகுந்த். ஹரோவில் குகநாதன் வீட்டுக்குப் போக இரண்டு ரவுண்டபவுட்டும் ஒரு ரயில் பாலமும் கடக்க வேண்டும். அந்த ஒற்றை அறையை விட்ட பிறகு இவ்வளவு கிட்ட அவர்கள் எங்கேயும் இருந்ததில்லை. பத்மநாதன் நடைபாதையை விரலால் ஒருமுறை நடந்து பார்த்தார். மிதுஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப பதினைஞ்சு?"

"அது உடனயே போயிட்டுது அங்கிள். ஒரு நோர்வேக்காரர்."

"தமிழோ?"

"இல்லை. வெள்ளை."

பத்மநாதன் பேனாவை வலது கையில் எடுத்தார். இடது கையால் தொலைபேசியை எடுத்துக் குகநாதனை அழைத்தார். நெடுநேரம் அடித்தது. கடைசியில் குகநாதன் எடுத்தார்.

"இருவத்திரண்டிலை தண்ணி நல்லதோ எண்டு கேட்டனியோ?" என்றார் பத்மநாதன்.

"பூலுக்குக் கிட்ட. உவராத்தான் இருக்கும்." என்றார் குகநாதன். "பதினைஞ்சை ஆரோ எடுத்திட்டானாம்."

"ஓம். நோர்வேக்காரன்."

"அவன் படத்தைப் பாத்திட்டு மரம் தன்ரை எண்டு நிக்கப் போறான். வட்டம் அவன்ரை பக்கம் சாஞ்சுதான் கிடக்கு."

"வட்டம் ஓலையடா."

"அதைத்தான் நானும் சொல்லுறன். அடி உன்ரை பக்கம். நான் பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தனான் மச்சான். ஒரு தேங்காய்க் குரும்பட்டிகூட அவனுக்கு விடாதை."

பத்மநாதன் ஓமென்று சொல்லிக்கொண்டே முதல் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். முகுந்த் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தான்.