சின்ன பேட்டரி போதும்

மின்சாரக் காரை மூன்று வருட லீஸுக்கு எடுக்கலாமென்று நானும் மனைவியும் கேரளத்துச் சித்தூரிலிருந்து பக்கத்திலுள்ள பாலக்காட்டு ஷோரூமுக்குப் போனோம். அவள் பிறந்தது மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலை எஸ்டேட்டில். பெரிய பேட்டரி வண்டியை விட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

"இதுன்னா எங்க வீட்டுக்கு ஒரே நாள்ல போயிட்டு வந்துரலாம்ங்க."

"சின்னது மலையேறுனா சார்ஜ் தீந்து போயிருமுங்க" என்றார் விற்பனையாளர்.

என் காதில் தேன் பாய்ந்தது. மாமியார் வீட்டில் நான் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மேல் தங்கியதில்லை. வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டுமென்று கிளம்பிவிடுவேன். வண்டியே போகாதென்றால் பொய் சொல்லும் வேலையும் மிச்சம். சின்னதையே எடுத்தேன்.

ஓண லீவில் அவள் விடவில்லை. மறையூர் வழியாக முக்கி முனகி ஏறிய பாழாய்ப்போன கார், சரியாக மாமனார் வீட்டு வாசலில் போய்த்தான் தீர்ந்தது. சமையலறையில் மிக்ஸி போடும் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்தோம். கூப்பிடு தூரத்தில் மின்நிலையம்; காருக்கு மட்டும் கரண்ட் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

சாயங்காலம் வயல், தண்ணீர் என்று ஆரம்பித்தேன். மாமியார் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கால்வாசிகூட ஏறலையே மாப்ளே. கோழி அடிச்சாச்சு, இருந்துட்டுப் போங்க."

சொல்லிக்கொண்டே காரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, மசாலா அரைக்க மிக்ஸியைச் செருகினார்.

மறுநாளும் கோழி. மறுநாளும் மிக்ஸி.

அம்மா மடியில் தலைவைத்துப் படுத்தபடி மனைவி சொன்னாள்: "அடுத்த லீஸுக்கும் சின்னதே போதும்ங்க."