ரிவர்ஸ் அக்காவின் சுண்டுவிரல்

பெயிண்ட் சொட்டும் பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்புறமாகவே நடந்து ரோட்டைக் கடக்கிறாள் அவள். ஒரு பைக்காரர் பிரேக்கை மிதித்து, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாம்மா?" என்று கத்துகிறார். "சொல்லிட்டேண்ணே, நீங்க கிளம்புங்க" என்கிறாள் திரும்பாமலே. எதிர்ப்பக்க நடைபாதை குதிகாலில் இடித்தால்தான் நிற்பாள். சேர்ந்து வரைகிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ரிவர்ஸ் அக்கா.

"மூக்கை ஒட்டி நின்னு பார்த்தா எல்லாப் படமும் அழகுதான். பஸ்ல போறவன் கண்ணுக்குத் தெரியணும்ல?" என்பாள்.

கணவனின் பழைய சட்டையை உள்வெளியாகப் போட்டிருப்பாள். பாக்கெட் உள்ளே இருந்தால்தான் பெயிண்ட் புகாதாம். சுவரோடு பேசுவாள். பூசப் பூச உறிஞ்சும் புதுச் சுவர் என்றால், "குடிச்சது போதும்டி, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்று கெஞ்சுவாள்.

மேம்பாலச் சுவரில் இப்போது வரைகிற படத்தில் இரண்டு பெண்கள் இரு கோடியிலிருந்தும் கை நீட்டி, நடுவில் விரல் கோக்க வேண்டும். இடது பெண் இவளுடையது, வலது பெண் தாடியுடையது. தாடி என்று எல்லோரும் கூப்பிடுவது அவளோடு சேர்ந்து வரையும் கூட்டாளியை. இருவரும் எப்போதும் கீரியும் பாம்பும்தான், ஆனால் ஒருவர் இல்லாமல் இன்னொருவர் பிரஷைத் தொடமாட்டார்கள். தன் பக்கத்துப் படப் பெண்ணுக்கு அவள் வரைந்தது, ஆயுசு முழுக்கத் துணி தைத்துச் செத்துப்போன அம்மாவின் கை. சுண்டுவிரல் வளைந்த கை. அப்படியே உயிரோடு வந்திருந்தது.

அன்று காலை வழக்கம்போல் ரோட்டைக் கடந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளும் சேரவில்லை. அவளுடையது ஒரு முழம் கீழே கிடந்தது. தாடி சுவரின் மேல்விளிம்பிலிருந்து அளந்திருக்கிறான், இவள் தரையிலிருந்து. ரோடோ மேடு ஏறுகிறது.

"ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு நூல் பிடிச்சுக் கோடு அடிச்சுக்கலாம்னேன். நீதான் தரை பொய் சொல்லாதுன்ன" என்றான் தாடி. அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "போகட்டும்க்கா, நான் என் கையை அழிச்சிடறேன். அம்மா கை இருக்கட்டும்."

"உன்னுது விறைப்பா நீட்டின கை, இறக்கினா தோள் கழண்ட மாதிரி தொங்கும். என்னுது முழங்கையை மடக்கி நீட்டின கை, ஏத்திடலாம். சாயங்காலம் சாரத்தைப் பிரிச்சிடுவாங்க. பேசிட்டு நிக்க நேரம் இல்ல."

"அதுக்காக அம்மா கையையா?"

"அது அம்மா கைன்னு எனக்குத்தான்டா தெரியும். ரெண்டும் சேரலைன்னா ஊருக்கே தெரியும்."

ரோலரை வெள்ளையில் முக்கி, கண்ணீர் தாரை தாரையாக வழிய, அந்தக் கையை அவளே அழித்தாள். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

வெள்ளை காய்ந்தது. புதுக் கோடு போடப் பிரஷை எடுத்தாள். கோடு கோணிப் போனது. ஒருமுறை முயன்றாள், இன்னொரு முறை முயன்றாள். "சீ, சனியனே" என்று தன் கையையே திட்டிவிட்டு, பிரஷைத் தாடியிடம் நீட்டினாள். சாரத்தில் எக்கி நின்று, தாடி வரைந்த விரல்களுக்கு நேராகத் தன் கையைச் சுவரில் வைத்தாள்.

அவளுக்கும் சுண்டுவிரல் வளைவுதான்.

"என்னடா முழிக்கிற? பார்த்துச் சீக்கிரம் வரை. கை வலிக்குது."